குதிரை வைத்திருப்பவருக்கு என்ன கொடுப்பது?

பண்டிகைக் காலம் நெருங்குகிறது. நவராத்திரிக்குத் தாம்பூலம், தீபாவளிக்கு வேஷ்டி புடவை, பொங்கலுக்குச் சீர் என்று நம் வீடுகளில் கொடுக்கல் வாங்கலுக்குக் குறைவில்லை. யாருக்கு எதைக் கொடுப்பது என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியாத வித்தையும் அன்று. ஆனால் சங்கத்து அன்பர்கள் சிலர் இவ்வாண்டு நம்மிடம் கேட்ட கேள்வி சற்றுப் புதிது. “எங்கள் பெண் ஒரு குதிரை வாங்கி வைத்திருக்கிறாள், எங்களுக்கோ குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்கு எதைக் கொடுத்தால் உபயோகப்படும்?” என்பதே அது.

கேட்டுச் சிரிப்பவர் உண்டு. நாம் சிரிக்கவில்லை. புனேயில் மழைக்காலம் பிறந்தால் குதிரைப் பந்தயம் தொடங்கும். பந்தயக் குதிரையின் உத்தியோக காலம் மிகக் குறுகியது. சிறு வயதிலேயே ஓடத் தொடங்கி, ஐந்தாறு வயதுக்குள் பல குதிரைகள் ஓய்வு பெற்றுவிடுகின்றன. அதற்குப் பின்னும் இருபது ஆண்டு வாழக்கூடிய பிராணிக்குப் பென்ஷன் நிச்சயமில்லை. குதிரையேற்றப் பள்ளிகளில் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அத்தகைய குதிரையொன்றைத் தம் சம்பளத்தில் ஏற்று வளர்க்கிறார்கள். வேறு சிலர் புஷ்கர், சாரங்கேடா சந்தைகளுக்குப் போய், காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரையை வாங்கி வருகிறார்கள். ராணுவத்தில் குதிரையேறிப் பழகி, ஓய்வு பெற்ற பின்பும் அந்தப் பழக்கத்தை விட மனமில்லாமல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கும் பெரியவர்களும் உண்டு. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரை, மட்டக்குதிரைகளின் தொகை, 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.4 லட்சமாகச் சுருங்கிவிட்டது. வண்டிக் குதிரை மறைந்துவரும் இந்நாளில், ஆசைக்குக் குதிரை வளர்ப்போர் நம் குடும்பங்களிலேயே தோன்றியிருப்பது விந்தைதான்.

நாம் குதிரையேறி அறியோம். ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதுவது நம் தொழில். ஆயினும் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் விடுவது இப்பகுதியின் வழக்கமன்று. ஆதலால் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் லாயங்களுக்கு நேரில் சென்று, குதிரை வைத்திருப்போரையும், அவற்றைப் பராமரிக்கும் ஆட்களையும், கால்நடை மருத்துவர் ஒருவரையும் விசாரித்து வந்தோம். அங்கே அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

நம்மில் பலருக்கு நெருக்கமாகத் தெரிந்த குதிரை ஐயனார் கோவில் மண் குதிரை ஒன்றுதான். அது கம்பீரமாக நிற்கும், கொள்ளுக் கேட்காது, சாணமும் போடாது. குதிரை வைத்திருப்பவருக்கு உறவினர் வாங்கிக் கொடுக்கும் பொருள்களும் பெரும்பாலும் அந்த ஜாதிதான். பித்தளைக் குதிரை, குதிரை முகம் பொறித்த சாவிக்கொத்து, குதிரைப் படம் போட்ட காப்பிக் கோப்பை, வாஸ்துவுக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்லும் ஏழு வெள்ளைக் குதிரைப் படம். ஒரு சகோதரியின் வீட்டில் அந்தப் படம் மூன்று பிரதிகள் இருப்பதைப் பார்த்தோம். மூன்றும் மூன்று வெவ்வேறு உறவினர் அன்போடு கொடுத்தவை. “சுவரில் 21 குதிரை, லாயத்தில் ஒன்று. தின்பது அந்த ஒன்றுதான், அண்ணா” என்றார் அவர். வருத்தமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த மாதம் லாடக் கூலி கொடுக்கப் பணம் போதாமல் தம் சீட்டுப் பணத்தில் கை வைத்ததையும் அவரே சொன்னார்.

விஷயம் இதுதான். குதிரை வைத்திருப்பவருக்குக் குதிரையை நினைவூட்டும் பொருள் தேவையில்லை. விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிக்கிறார். அவருக்குத் தேவையானவை தீர்ந்து போகும் பொருள், தேய்ந்து போகும் பொருள், தொலைந்து போகும் பொருள் இவையே. இவற்றை வாங்கி வாங்கித்தான் அவர் கை இளைக்கிறது.

முதலில் தீர்ந்து போவதைச் சொல்வோம். குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை உலர்ந்த தீனி தினமும் வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரையானால் நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்ந்த புல். மாதக் கணக்கில் 180 முதல் 240 கிலோ வரை ஆகிறது. நம் பார்சல் ஆபீஸ் தராசில் அதை ஏற்றினால் ஒரு குடும்பம் வீடு மாற்றும் சாமான் போல் இருக்கும். ஒரு மாதப் புல்லுக்கான பணத்தை நேரே புல் வியாபாரியிடம் கட்டி, அந்த ரசீதைத் தீபாவளித் தட்டில் வைத்துக் கொடுத்த ஒரு தகப்பனாரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பெண் அந்த ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாராம். பட்டுப் புடவைக்குக் கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உலர்ந்த புல் வேறு, வைக்கோல் வேறு. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் மாட்டுக்குப் போடும் கணக்கில் குதிரைக்கும் சொல்வார்கள். குதிரை அசை போடும் பிராணியன்று. அதன் இரைப்பை உடலளவுக்கு மிகச் சிறியது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் மேய வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வெளியே தள்ள வழியின்றி வயிற்று வலியில் விழுந்து புரளும். அந்த வலியில் உயிர் போவதும் உண்டு. மாட்டைத் தெரியும் என்பதால் குதிரையைத் தெரிந்துவிட்டது என்று எண்ணுவது ஆபத்து.

மழைக்காலத்தில் புல் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணம் பிடித்த புல் குதிரைக்கு ஆகாது. ஆதலின் கெட்டியான தார்பாலின் ஒன்றும், புல்கட்டைத் தரையில் படாமல் தூக்கி வைக்க மரச்சட்டங்கள் நாலும் வாங்கிக் கொடுப்பது கண்ணுக்கு அழகில்லாத பரிசாயினும், ஆவணி மாதத்து அடைமழையில் அதன் அருமை தெரியும்.

உப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. குதிரை நம்மைப் போல் வியர்க்கும் பிராணி. வியர்வையோடு உப்பும் போய்விடும். நம் வீட்டில் விரத நாட்களுக்கு வைத்திருக்கும் இந்துப்பு இருக்கிறதே, அதைப் பொடியாக அன்றிப் பெரிய கட்டியாக வாங்கி, நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து லாயத்தில் கட்டித் தொங்கவிட்டால், குதிரை தனக்கு வேண்டியபோது நக்கிக்கொள்ளும். இவ்வூர்க் கடைகளில் சேந்தா நமக் என்று கேட்க வேண்டும். கட்டி கிடைக்காவிட்டால் வெறும் வெள்ளை உப்புக் கட்டியும் போதும். மாட்டுக்கென்று மருந்தும் யூரியாவும் கலந்து விற்கும் நக்குக் கட்டிகளை மட்டும் வாங்க வேண்டா. விலை சொற்பம், மாதக்கணக்கில் வரும். பாட்டி தன் கையால் கொடுக்கத்தக்க பரிசு இதைவிட வேறில்லை என்பது நம் அபிப்பிராயம்.

அடுத்து, தொலைந்து போகும் பொருள். குதிரையின் குளம்படியில் சேறும் கல்லும் ஏறிக்கொள்ளும். தினம் அதைக் கிளறி எடுக்க ஒரு சிறு இரும்புக் கொக்கி உண்டு. லாயத்தில் தொலைந்து போவதில் இதற்கு இணை இல்லை. சாணக் குப்பையில் விழும், புல்லுக்குள் புதையும், பக்கத்து லாயத்துக்காரர் இரவல் வாங்கினால் திரும்பாது. அரை டஜன் கொக்கிகள் வாங்கி, ஒவ்வொன்றின் பிடியிலும் சிவப்புத் துணி சுற்றிக் கொடுத்தால் பெறுபவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அதைப் போலவே, இவ்வூரார் கராரா என்று சொல்லும் உடம்பு தேய்க்கும் இரும்புச் சீப்பு, பிடரி மயிர் வாரும் தூரிகை, பருத்திக் கயிறு இவையும். கயிறு நைலானாக இருக்க வேண்டா. குதிரை திடீரென்று மிரண்டு இழுத்தால் நைலான் கயிறு உள்ளங்கையை எரித்துவிடும். ஊரில் இருக்கும் மாமா ஒருவர் மருமகளின் குதிரைக்கென்று அழகாக முறுக்கிய மூக்கணாங்கயிறு அனுப்பினார் என்று கேட்டு நாமும் சிரித்தோம். குதிரைக்கு மூக்குக் குத்துவதில்லை. ஆயினும் அந்தக் கயிறு வீண் போகவில்லை. உப்புக் கட்டி இப்போது அதில்தான் தொங்குகிறது.

வாளி சொல்ல மறக்கக்கூடாது. நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை, வெயில் காலத்தில் அதற்கு மேலும், குதிரை தண்ணீர் குடிக்கும். வாளியை உதைக்கும், கடிக்கும், மிதிக்கும். கடைத்தெருவில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் வாளி ஒரு மாதம் தாங்குவது அரிது. கனத்த ரப்பர்த் தொட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

காசில்லாமல் கொடுக்கக்கூடியதும் ஒன்று உண்டு. நம் வீடுகளில் கிழிந்த வேஷ்டி, நைந்த பருத்திப் புடவை, பழைய துண்டு இவற்றைப் பாத்திரக்காரனுக்குப் போட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்குவது வழக்கம். குதிரை வைத்திருக்கும் வீட்டில் துணிக்கு எப்போதும் பஞ்சம். வியர்வை துடைக்க, மழையில் நனைந்தால் உலர்த்த, சேணத்தைத் துடைத்து எண்ணெய் போட, காயம் பட்டால் கழுவித் துடைக்க எல்லாவற்றுக்கும் பழைய பருத்தித் துணியே உத்தமம். தோய்த்து உலர்த்தி மடித்து ஒரு மூட்டை கொடுங்கள். கிண்ணம் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.

லாடச் செலவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குளம்பு நம் நகத்தைப் போல் வளர்ந்துகொண்டே இருக்கும். லாடம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை ஆள் வந்து சீவிச் சரி செய்தாக வேண்டும். தவறினால் நடை கெடும், கால் கெடும். கால் கெட்ட குதிரைக்கு வேறென்ன இருந்தும் பயனில்லை. இவ்வூரில் நால்பந்த் என்று அழைக்கப்படும் லாடக்காரர்களில் கைத்தேர்ச்சி உள்ளவர் சிலரே. அவர்கள் வரும் நாள் பெரிய மனிதர் வரும் நாள் போல. வருஷத்தில் ஒன்பது பத்து முறை வரும் இந்தச் செலவில் ஒரு தவணையை உறவினர் ஒருவர் ஏற்றுக்கொண்டால் அது பெரிய உபகாரம். நம்மவருக்கு மொய் எழுதத் தெரியாதா? உறையின்மேல் ‘லாடத்துக்கு’ என்று எழுதி, வழக்கம் போல் ஒரு ரூபாய் கூட்டி வைத்துக் கொடுத்தால் போயிற்று. வெறும் பணமாகக் கொடுத்தால் அது வீட்டு வாடகையிலோ பள்ளிக் கட்டணத்திலோ கரைந்துவிடும். எழுதிக் கொடுத்தால் அதற்கே நிற்கும். மருத்துவச் செலவுக்கும் அவ்வாறே. நள்ளிரவில் வயிற்று வலி கண்ட குதிரைக்கு மருத்துவரை அழைப்பதா, விடியும்வரை பார்ப்பதா என்று பணத்தை எண்ணித் தயங்கும் நிலை ஒருவருக்கும் வரக்கூடாது.

மருந்துப் பெட்டி ஒன்று தயாரித்துக் கொடுப்பதும் நன்று. வெப்பமானி, பஞ்சுச் சுருள், அகலமான கட்டுத்துணிகள், உப்புநீர்ப் புட்டி, போவிடோன் அயோடின், மழுங்கின நுனியுள்ள கத்தரிக்கோல், நெற்றியில் கட்டிக்கொள்ளும் மின்விளக்கு. பெட்டி மூடியின் உட்புறத்தில் மருத்துவரின் தொலைபேசி எண்ணும், குதிரையின் இயல்பான உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை என்பதும் கொட்டை எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கட்டும். பதற்றத்தில் படித்தவருக்கும் எண் மறந்து போகும்.

கேளாமல் வாங்கக் கூடாதவையும் உண்டு. அவற்றுள் தலையாயது சேணம். விலையுயர்ந்த பரிசாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில் சேணம் வாங்கிவிடுவார்கள். சேணம் மூக்குக் கண்ணாடி போன்றது. ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்தாது. பொருந்தாத சேணம் முதுகைப் புண்ணாக்கும். அதே குதிரைக்கும் சதை பிடித்தாலோ இளைத்தாலோ சேணம் மாறும். கடிவாளத்து வாயிரும்பும் அப்படியே. ஏறுபவரின் தலைக்கவசம் நல்ல பரிசுதான்; ஆனால் அவரையே கடைக்கு அழைத்துச் சென்று தலையில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். பலமாக ஒரு முறை விழுந்து அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். மகள் விழுந்தாள் என்று கேள்விப்பட்டால், “இனிமேல் ஏறாதே” என்று சொல்வதற்குப் பதில் புதுக் கவசத்துக்குப் பணம் அனுப்புகிற தகப்பனாரை மகள் என்றும் மறக்க மாட்டாள்.

இனித் தின்பண்டம். இவ்விடத்தில் நம் தாய்மார்கள் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். அன்பு மிகுந்தால் ஊட்டிவிடுவது நம் இயல்பு. லாயத்துக்கு வரும் பாட்டி வெறுங்கையோடு வருவதில்லை. சர்க்கரைப் பொங்கல், அதிரசம், மீந்த இட்லி, ரொட்டி என்று கொண்டு வந்து குதிரைக்குக் கொடுத்துவிட்டு, “பாவம், எவ்வளவு ஆசையாகத் தின்கிறது!” என்பார்கள். ஆசையாகத்தான் தின்னும். பின்னிரவில் படும் பாட்டைப் பாட்டி பார்ப்பதில்லை. கேரட் கொடுக்கலாம், வட்ட வட்டமாக நறுக்காமல் நீளவாட்டில் நறுக்க வேண்டும், இல்லையேல் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். வெல்லம் கட்டைவிரல் அளவு கொடுப்பவர் உண்டு. ஆனால் சில குதிரைகளுக்கு இனிப்பே ஆகாது, கேட்டுக்கொண்டு கொடுப்பது முறை. போட்டிகளில் ஓடும் குதிரையானால் காப்பி, தேநீர், சாக்லேட், கசகசா சேர்ந்த பலகாரம் எதுவும் அதன் வாயில் படக்கூடாது. இரத்தப் பரிசோதனையில் தடை செய்யப்பட்ட பொருளாகத் தெரிந்துவிடும்.

கொள்ளு விஷயம் தனி. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே குதிரைப் பருப்பு என்ற பொருளில்தான் வழங்குகிறது. ஆதலால் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையிலும் குதிரைக்கென்று ஐந்து கிலோ கொள்ளு வந்துவிடுகிறது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் பழமொழி. மனிதனை இளைக்க வைக்கும் என்று நம்பப்படுவதையே குதிரைக்கு வலுவுக்காகக் கொடுத்தார்கள் நம் முன்னோர். கொடுத்ததும் ஊறவைத்தோ வேகவைத்தோதான். எந்தப் புதுத் தீனியையும் ஒரு வாரம் பத்து நாளாகச் சிறிது சிறிதாகக் கூட்டித்தான் பழக்க வேண்டும். அனுப்புவோர் அனுப்புக; போடுவதை மட்டும் பராமரிப்பவரிடம் விட்டுவிடுக. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையாக வாங்கிக் கொடுப்பது கூடவே கூடாது. அவற்றுள் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து சேர்ப்பதுண்டு. மாட்டுக்கும் கோழிக்கும் நன்மை செய்யும் அதே மருந்து குதிரைக்குக் கொடிய நஞ்சு.

இன்னொன்று, பலர் அறியாதது. ஆயுத பூஜையன்று குதிரையைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை போடுகிறோம். இவ்வூரிலும் தசராவில் குதிரைக்குப் பூஜை உண்டு. அந்த மாலை அரளி மாலையாக இருக்கக் கூடாது. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். கைப்பிடியளவு இலை குதிரையைக் கொல்லப் போதும். காய்ந்த பின்பும் விஷம் போவதில்லை. மாலையைக் குதிரை கடித்துத் தின்ன எத்தனை நேரம் ஆகும்? சாமந்தி மாலை போடுங்கள். அதையும் பூஜை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். லாயத்தைச் சுற்றி அழகுக்கு அரளிச் செடி வைத்திருந்தால், அதை வேரோடு பிடுங்கிக் கொடுப்பதே அவ்வாண்டின் சிறந்த பரிசு.

குதிரையைப் பராமரிக்கும் ஆளை மறந்து கொடுக்கும் பரிசு அரைப் பரிசு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து சாணம் அள்ளித் தண்ணீர் காட்டுபவர் அவர். எது தீர்ந்தது, எது உடைந்தது என்பது உரிமையாளரைவிட அவருக்கே நன்கு தெரியும். என்ன வாங்குவது என்று தெரியாவிட்டால் அவரைத் தனியே கேளுங்கள். நாம் கேட்டபோது ஒரு பெரியவர், “குதிரைக்கு எல்லாம் இருக்கிறது. எனக்கு மழைக்கோட்டுத்தான் இல்லை” என்றார். முழங்கால் வரை வரும் ரப்பர்ப் பூட்ஸ், மழைக்கோட்டு, மார்கழிக் குளிருக்குக் கம்பளி இவை அவருக்குச் சேர்ந்தால் குதிரைக்குச் சேர்ந்த மாதிரிதான்.

இதுவரை சொன்னவை பொருள். பொருளைவிடப் பெரிதாக அவர்கள் வேண்டுவது வேறொன்று. விசாரித்த இடமெல்லாம், தயங்கித் தயங்கியே ஆயினும், அதைச் சொன்னார்கள். குதிரை வைத்திருப்பவர் ஊருக்குப் போக முடிவதில்லை. ஊரில் கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம், ஏன், சாவுக்குக்கூட, “குதிரையை யாரிடம் விட்டுவிட்டு வருவது?” என்ற கேள்வி எழுகிறது. ஒரு தாயார் தொலைபேசியில் மகளிடம், “சித்தி பெண் கல்யாணத்துக்குக்கூட உன்னை அனுப்பாமல் பிடித்து வைக்க அது என்ன குதிரையா, மாமியாரா?” என்று கேட்டாராம். மகளும் பதிலுக்கு ஏதோ சொல்ல, இருவரும் நான்கு மாதம் பேசவில்லை. உறவு பெரிதா குதிரை பெரிதா என்று கேட்பது சுலபம். பராமரிக்கும் ஆளும் அதே வாரம் ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தார் என்பதும், மாற்று ஆளுக்குப் பத்து நாள் கூலி கொடுக்க மகளிடம் பணம் இல்லை என்பதும் தாயாருக்குத் தெரியாது. மகளும் சொல்லவில்லை. சொன்னால் ‘இதற்குத்தான் அப்போதே சொன்னோம்’ என்று வந்துவிடும் அல்லவா?

ஆகவே கல்யாணப் பத்திரிகை வைக்கும்போதே அந்த மாற்று ஆளின் கூலியையும் சேர்த்து வையுங்கள். ரயிலில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. டிக்கெட் எடுக்கும் அன்றே மாற்று ஆளையும் பேசி முடித்துவிட வேண்டும். டிக்கெட் கிடைத்து ஆள் கிடைக்காமல் ரத்து செய்தவர்களை நாம் கவுண்டரில் பார்த்திருக்கிறோம். நல்ல ஆள் பழகின ஆளாக இருக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வந்து பழைய ஆளோடு சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரக் கூலியும் கணக்கில் சேரும்.

உள்ளூரிலேயே இருக்கும் உறவினர் செலவில்லாமலும் உதவலாம். லாடம் அடிக்கும்போது இரண்டு மணி நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். எப்படிப் பிடிப்பது என்பதை அவர்களே சொல்லித் தருவார்கள். பின்காலுக்கு நேர்ப் பின்னால் நிற்காமலிருந்தால் போதும். நல்ல படம் எடுக்கத் தெரிந்த தம்பி தங்கையர் ஒரு நாள் காலையில் போய், ஏறுபவரையும் குதிரையையும் சேர்த்துப் படம் எடுத்துக் கொடுக்கலாம். குதிரையைப் படம் எடுத்து வைத்திருப்பவர் பலர். குதிரையோடு தாமும் இருக்கும் படம் வைத்திருப்பவர் சொற்பம்.

தீபாவளி இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டாசுச் சத்தத்தில் குதிரை மிரண்டு சுவரில் மோதிக் கால் முறிப்பதுண்டு. அன்று குதிரை வைத்திருப்பவர் வீட்டில் விருந்துக்கு உட்கார மாட்டார், லாயத்தில்தான் இருப்பார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டா. சாப்பாட்டைத் தூக்கில் போட்டு அங்கேயே கொண்டு போய்க் கொடுத்து, சற்று நேரம் உடன் உட்கார்ந்திருங்கள். லாயத்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, வெடியை வேறு பக்கம் கொண்டு போகச் செய்வதும் உங்களால் ஆகும்.

கடைசியாக, ஊரிலிருந்து பார்சலில் அனுப்பும் அன்பர்களுக்கு. உப்புக் கட்டியை ஒற்றைச் சாக்கில் கட்டினால் மழைக்காலத்தில் கசிந்து பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். உள்ளே பிளாஸ்டிக் உறையிட்டு இரட்டைச் சாக்கில் தைத்து அனுப்புக. கொள்ளும் உப்பும் ஒரே மூட்டையில் வேண்டா. பெறுபவர் பெயரையும் சேர வேண்டிய ஸ்டேஷனையும் மூட்டையின் மேல் மையால் எழுதுவதோடு, ஒரு சீட்டில் எழுதி மூட்டைக்குள்ளும் போட்டு வைக்கவும். மேலெழுத்து அழிந்து போன மூட்டைகள் நம் ஆபீஸில் வாரக்கணக்கில் கிடப்பதுண்டு.